அர்ஜுனனுக்குத்தான் அம்பறாத்தூணி, உங்க பிள்ளைக்கு ஆறு அம்பு போதும்

கொஞ்சம் நீளமான இழை. வில்வித்தை பழகுற பிள்ளை வீட்ல இருந்தா முழுசா படிங்க. இல்லைன்னா, அப்படி ஒரு வீடு தெரிஞ்சா அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

சமீபத்துல ஒரு பையனை அவங்க அப்பா கூட்டிட்டு வந்தார். 14 வயசு. ஆறு வாரமா வலது தோள்பட்டை வலி. கையைத் தலைக்கு மேல தூக்கினா சுருக்குன்னு பிடிக்குது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலை. என்னப்பா விளையாடுறேன்னு கேட்டேன். பையன் வாயைத் திறக்குறதுக்குள்ள அப்பா போனை எடுத்து வீடியோ காட்டினார். முதுகுல தோல்ல தைச்ச பெரிய குவிவர். அதுல 24 அம்பு. பையன் கையைப் பின்னால வீசி ஒவ்வொண்ணா உருவி விட்டுக்கிட்டே இருக்கான். பின்னணியில பாட்டு வேற.

"இப்ப போட்டி எதுவும் இல்லை டாக்டர், ஆஃப் சீசன். அதான் தினமும் 200 அம்பு போடச் சொல்லியிருக்காங்க"ன்னார்.

அந்தப் பையனோட தோள்பட்டை ஏன் போச்சுங்கறதுக்கு முக்கால்வாசி பதில் அந்த ஒரு வாக்கியத்துலயே இருக்கு. மீதி கால்வாசி அவன் முதுகுல தொங்குது.

குவிவர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அம்பு வைக்குற கூடு. நம்ம ஊர்ல இதுக்கு அழகான பேர் இருக்கு, அம்பறாத்தூணி. அம்பு அறாத தூணி, அதாவது எடுக்க எடுக்கக் குறையாதது. காண்டவ வனத்தை எரிக்கும்போது காண்டீபத்தோட சேர்த்து அர்ஜுனனுக்குக் கிடைச்சது அந்த மாதிரி ரெண்டு தூணி. சரி, அவனுக்குப் போர் இருந்தது. உங்க பையனுக்கு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புதான் இருக்கு. அவனுக்கு எதுக்கு அம்பு தீராத தூணி?

முதல்ல கணக்கு. அந்தப் பையனோட வில் 26 பவுண்டு, ஏறக்குறைய 12 கிலோ. 200 தடவை இழுத்தா 2,400 கிலோ. ஒரு சாயங்காலத்துல, ஒரு தோள்ல, ரெண்டரை டன் பக்கமா. இது வில்லை இழுக்குற கணக்கு மட்டும். ஒவ்வொரு அம்புக்கும் கையைத் தலைக்குப் பின்னால கொண்டுபோய்த் துழாவி உருவணும் பாருங்க, அது இன்னும் 200 தடவை.

தோள்பட்டையோட உச்சியில் ஒரு எலும்பு கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூரைக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவே குறுகலான ஒரு சந்து. கையைத் தூக்க உதவுகிற சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறது. கையை உயர்த்திப் பின்பக்கமாகத் திருப்பும்போது அந்த இடம் இன்னும் நெருக்கமாகிறது. நல்ல தசை பலம் உள்ள பெரியவருக்கு எப்போதாவது செய்தால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே இழுத்து இழுத்துக் களைத்துப் போன தோளில், அதே கையால், தினமும் 200 தடவை என்றால் நாண் உரசி வீங்கும். வளர்கிற வயதில் இன்னொரு சிக்கல். கை எலும்பின் மேல்முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. தசைநாணைவிட அந்த இடம் பலவீனமானது.

வில்வித்தை வீரர்களுக்கு அதிகமா அடி வாங்குற இடம் தோள்பட்டைதான். இது தெரிஞ்சும் அதே தோளுக்கு எதுக்குக் கூடுதலா ஒரு வேலை?

"ஆனா டாக்டர், வில்லாளின்னாலே முதுகுலதானே மாட்டுவாங்க?"

யார் சொன்னா? சினிமா சொன்னுச்சு. பாகுபலி ரெண்டாம் பாகத்துல மூணு அம்பை ஒண்ணா விடுற காட்சியைப் பார்த்துட்டு வில்வித்தை வகுப்பு எங்க இருக்குன்னு தேடினவங்க எத்தனை பேர்னு கோச்சுகளைக் கேளுங்க. நல்லது, பிள்ளைங்க மைதானத்துக்கு வர்றதுக்கு அதுவும் ஒரு வழி. ஆனா கேமரா முன்னாடி முதுகுத் தூணி கம்பீரமா இருக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. கோயில் தூண் சிற்பத்துலயும் தோளுக்குப் பின்னால தூணி தெரியும், இல்லைன்னு சொல்லலை. சிற்பிக்கு அழகு முக்கியம். நிஜமா வில்லை வெச்சுப் பிழைச்ச குதிரை வீரங்க, துருக்கியர், மங்கோலியர், நம்ம முகலாயர் எல்லாருமே தூணியை இடுப்புலதான் கட்டினாங்க. முகலாய ஓவியங்களைப் பாருங்க, தெரியும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒலிம்பிக் வீடியோ ஒண்ணு போட்டுப் பாருங்க. நம்ம தீபிகா குமாரி ஆகட்டும், 1988-ல இருந்து பெண்கள் அணித் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத தென்கொரியா ஆகட்டும், எல்லாருக்கும் குவிவர் இடுப்புல. கை கீழ தொங்குற இடத்துலயே அம்பு இருக்கும். எடுக்குறதுக்குத் தோள் அசையவே தேவையில்லை.

அடுத்து இந்த 'ஆஃப் சீசன்'ங்கற வார்த்தை. இது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீரும்.

நீங்க இணையத்துல ஆஃப் சீசன் பயிற்சிக்கு எந்தக் குவிவர் நல்லதுன்னு தேடினா வர்றதுல பெரும்பாலானவை அமெரிக்கர்கள் எழுதினது. அங்கே வில்லால் மான் வேட்டையாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. இலையுதிர் காலத்தில் வேட்டை சீசன். மற்ற மாதங்கள் எல்லாம் ஆஃப் சீசன். காட்டுக்குள் ஒரே ஆள், கையில் வில், உடனே எடுக்க நாலைந்து அம்பு. அதனால் வில்லிலேயே பொருத்துகிற குவிவரை உருவாக்கினார்கள். கூர்மையான வேட்டை முனை ஆளைக் கிழிக்காமல் இருக்க அதற்கு மேலே ஒரு மூடி. அந்த ஊருக்கு, அந்த வேலைக்கு அது சரியான கருவி.

இங்க 1972-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. நீங்க எந்த மானை அடிக்கப் போறீங்க? இருந்தும் அந்த வில்லுக் குவிவரை வரவழைச்சு 12 வயசுப் பொண்ணோட வில்லுல மாட்டி அனுப்புறாங்க. வில்லுக்கு ஒரு பக்கமா எடை தொங்குது. வில் பிடிக்கிற மணிக்கட்டு அதைத் திருகாம நிறுத்தப் போராடுது, அந்தக் கைத் தோளும் கூடவே போராடுது. இந்த லட்சணத்துல ஃபார்ம் சரியில்லைன்னு திட்டு வேற.

நம்ம ஊர் ஆஃப் சீசன் வேற மாதிரி. போட்டிகள் முடிஞ்ச பிறகு வர்ற இடைவெளி. ஐப்பசி, கார்த்திகை மழையில மைதானம் சேறு. தேர்வு வேற. அப்ப என்ன பண்ணுவாங்க? கூரைக்குக் கீழ 18 மீட்டர்ல போடுவாங்க. இல்லைன்னா மூணு, நாலு மீட்டர் தூரத்துல வெறும் வைக்கோல் கட்டு முன்னாடி நின்னு, புள்ளியே இல்லாம, சில கோச்சுகள் கண்ணைக்கூட மூடச் சொல்லி, உடம்பு எப்படி நிக்குது, தோள் எங்க இருக்கு, விரல் எப்படி விடுதுன்னு மட்டும் பழக்குவாங்க. ஆஃப் சீசனோட வேலையே அதுதான். எண்ணிக்கைக்கு இங்க இடமே இல்லை.

இப்ப கேக்குறேன். நாலு மீட்டர்ல நின்னு ஃபார்ம் பழகுற பிள்ளைக்கு 24 அம்பு எதுக்கு?

இந்த இடத்துலதான் நான் கோச்சுகளோட சண்டை போடுறது. குவிவர்ல எத்தனை அம்பு இருக்கோ, அத்தனையும் தீர்ற வரைக்கும் பிள்ளை நிறுத்தாது. பெரியவங்களே நிறுத்த மாட்டாங்க. பத்தாவது, பன்னிரண்டாவது அம்புல பாருங்க, இழுக்குற தோள் மெல்லக் காதை நோக்கி ஏறும், முதுகு பின்னால சாயும், தாடை முன்னால போய் நாணைத் தேடும். அதுக்கு மேல போடுற ஒவ்வொரு அம்பும் தப்பான ஃபார்மை மனப்பாடம் பண்ணுறது.

ஆறு அம்பு வெச்சா என்ன நடக்கும்? ஆறு முடிஞ்சதும் நடக்கணும். 18 மீட்டர் போய், அம்பைப் பிடுங்கி, 18 மீட்டர் திரும்பி வரணும். ரெண்டு, மூணு நிமிஷம். அந்த நேரத்துல தோள் தசைக்கு ரத்த ஓட்டம் திரும்புது. அந்த நடைதான் மருந்து. உலகப் போட்டியோட தகுதிச் சுற்றே 72 அம்பு, ஆறாறா பன்னிரண்டு தடவை. வயசு வந்த, வருஷக்கணக்கா பழகின வீரங்களே பன்னிரண்டு தடவை நடந்து போய்ட்டு வர்றாங்க. 24 அம்புக் குவிவர் மாட்டின பையன் அதே 72 அம்புக்கு மூணே தடவைதான் நடப்பான்.

"நேரம் வீணாகுது டாக்டர், ஒரு மணி நேரத்துல 60 அம்பு கூட போட முடியாது"ன்னு ஒரு கோச் சொன்னார். நான் சொன்னேன், ரொம்ப நல்லது சார், அதுதான் எனக்கு வேணும்.

நியாயமா பேசணும்னா ஒண்ணு ஒத்துக்கணும். எல்லாப் பழியையும் குவிவர் மேல போட மாட்டேன். பெரிய வில்லன் வில்லோட பவுண்டும் தினசரி எண்ணிக்கையும்தான். ஆனா பவுண்டைக் குறைக்கச் சொன்னா பையனுக்கு மானப் பிரச்சினை, எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னா கோச்சுக்குக் கோபம். குவிவரை மாத்தச் சொன்னா யாருக்கும் வலிக்காது. மாத்தினா எண்ணிக்கை தானா குறையும். அதான் இங்க இருந்து ஆரம்பிக்கிறேன்.

பெரியவங்க, பாரம்பரிய வில் பிரியர்கள், வாரத்துல ஒரு நாள் ஆசைக்கு இருபது அம்பு போடுறவங்க, தாராளமா முதுகுல மாட்டிக்கங்க. அழகா இருக்கும். உங்களோட எனக்குத் தகராறு இல்லை.

சரி, என்ன வாங்குறது?

இடுப்புப் பட்டையோட வர்ற குவிவர். சட்டைப்பை மாதிரி கிளிப்ல மாட்டுறது வேண்டாம்; பிள்ளைங்க போடுற ட்ராக் பேன்ட்டோட எலாஸ்டிக் அதைத் தாங்காது, நடக்க நடக்கக் கீழ இறங்கும், ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே மறு கையால அம்பு எடுக்கும் குழந்தை. தனி பெல்ட், அகலமா, இடுப்பெலும்பு மேல உக்கார்ற மாதிரி. வலது கையால இழுக்குறவங்களுக்கு வலது பக்கம்.

உள்ளே தனித்தனிக் குழாய் இருக்கணும், மூணோ நாலோ. ஒரே பீப்பாயாக இருந்தால் அம்புகள் நடக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதும். அலுமினியம் என்றால் வளையும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் அம்பில் விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. அப்படி விரிசல் விட்ட அம்பு நாணிலிருந்து கிளம்பும்போது வெடித்துச் சிதறினால், சில்லு வில் பிடித்த கைக்குள்தான் ஏறும். கார்பன் இழை எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேன் வைத்துத் தேடி, திறந்து எடுக்க வேண்டியிருக்கும். அதனால எந்தக் குவிவரா இருந்தாலும் சரி, போடுறதுக்கு முன்னாடி அம்போட ரெண்டு முனையையும் பிடிச்சு, உடம்பை விட்டுத் தள்ளி, லேசா வளைச்சு, சுத்தித் திருப்பிப் பாருங்க. நறநறன்னு சத்தம் கேட்டா ரெண்டா ஒடிச்சுக் குப்பையில போடுங்க. விலையைப் பார்க்காதீங்க.

ஆழம் முக்கியம். அம்போட நீளத்துல பாதியாவது உள்ளே போகணும். ஆழம் இல்லாத குவிவர்ல, பிள்ளை குனிஞ்சதும் எல்லாம் கொட்டும். கொட்டினதைப் பொறுக்கக் கோட்டைத் தாண்டி ஓடும். பக்கத்துல இன்னொரு பிள்ளை இழுத்துக்கிட்டு நிக்கும். இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து வயசுக்குக் கீழ இருந்தா இடுப்புக் குவிவரும் வேண்டாம்னு சொல்வேன். புதுசா பழகுறவங்களுக்குப் பாதுகாப்புக்காகத் தேவையைவிட நீளமான அம்புதான் குடுப்பாங்க, 28 அங்குலம்னா 71 சென்டிமீட்டர். அந்த வயசுப் பிள்ளையோட இடுப்பு உயரத்துக்குப் பக்கத்துல வந்துடும். முழங்கால்ல இடிக்கும், தடுக்கி விடும். அதுக்குத் தரைக் குவிவர் போதும், நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல நட்டு வைக்கிற ஸ்டாண்டு. கம்பியா இருந்தா மேல்முனையை வளையமா மடக்குங்க, குனியும்போது கண்ணுக்கு நேரா வர்ற கம்பி அது. அம்போட பின்முனை, தொங்குற கை எட்டுற உயரத்துல இருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சா முதுகு வலியோட இன்னொரு நாள் என்கிட்ட வருவாங்க. கூரைக்குக் கீழ ஃபார்ம் பழகுறதுக்குப் பெரியவங்களுக்கும் இதுதான் சிறந்தது.

வாங்கவே வேண்டாம்னா இன்னும் சந்தோஷம். ரெண்டு அங்குல பிவிசி பைப் மூணு துண்டு, அடியில மூடி, அதுல தண்ணி வடிய ஒரு ஓட்டை, உள்ள பழைய ஹவாய் செருப்புல வட்டமா வெட்டின ஒரு துண்டு. மூணையும் சேர்த்துக் கட்டி பெல்ட்டுல தொங்க விடுங்க. மேல் விளிம்பை மட்டும் உப்புத்தாள் போட்டு மழுங்கத் தேய்ச்சுடுங்க. மழைக்காலத்துல தோலை விட இது நூறு மடங்கு மேல். தோல் குவிவர் ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், உள்ள அம்பு முனை துருப்பிடிக்கும். எத்தனையோ எளிய வீட்டுப் பிள்ளைங்க இந்த மாதிரி ஒண்ணை வெச்சுத்தான் பழகிட்டிருக்காங்க. நாலாயிரம், ஐயாயிரம் குடுத்து வாங்கினவங்களைவிட அவங்க தோள் நல்லா இருக்கு.

அந்தப் பையனோட அப்பா கேட்டார், "அப்ப இந்தத் தோல் குவிவரை என்ன பண்றது டாக்டர்?" வாசல்ல வெச்சு குடை போடுங்கன்னேன். சிரிக்கலை. பையன் சிரிச்சான்.

இப்ப முக்கியமான விஷயம். தோள்பட்டை வலி வந்தா சரி பண்ணிடலாம். கண்ணு போனா வராது.

70 மீட்டர்ல வைக்கிற டார்கெட்டோட தங்க நிற மையம் தரையில இருந்து 130 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கும். இது உலக விதி. பல பயிற்சி இடங்கள்ல எல்லாத் தூரத்துக்கும் அதே உயரம்தான். பத்து, பதினோரு வயசுப் பிள்ளை 140 சென்டிமீட்டர் உயரம்னா, அதோட கண்ணு எங்க இருக்கும்? அதே 130-ல. டார்கெட்டுல குத்தி நிக்கிற ஒவ்வொரு அம்போட பின்முனையும், தன் ஸ்கோரைப் பார்க்க ஆசையா ஓடி வர்ற குழந்தையோட கண்ணுக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கு. அம்பைப் பிடுங்குறவர் பின்னால யாராவது எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னா, உருவின வேகத்துல அதே பின்முனை அவங்க முகத்துக்கு வரும்.

அதனால ஓடக்கூடாது. பிடுங்கும்போது பின்னால யாரும் நிக்கக்கூடாது, பக்கவாட்டுல நிக்கணும். பிடுங்கின அம்பு அடுத்த நொடி குவிவருக்குள்ள, முனை கீழ பார்த்து. கையில அம்பைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்துல நடக்குறது, அதை ஆட்டிக்கிட்டே கூட்டாளிகூட பேசுறது, இதெல்லாம் கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நடக்குற மாதிரி. குவிவர்ங்கறது அம்போட உறை. அம்பு இருக்க வேண்டிய இடம் மூணுதான்: குவிவர், வில், டார்கெட்.

போட்டியில விசிலுக்கு அர்த்தம் இருக்கு. ரெண்டு விசில்னா கோட்டுக்கு வா, ஒண்ணுன்னா ஆரம்பி, மூணுன்னா போய் எடு, அஞ்சோ அதுக்கு மேலயோ ஊதினா அப்படியே நிறுத்து. ஒரு விசில் கேக்குற வரைக்கும் அம்பு குவிவரை விட்டு வெளிய வரக்கூடாது. உங்க பிள்ளை பழகுற இடத்துல ஆஃப் சீசன்லயும் விசில் ஊதுறாங்களான்னு ஒரு நாள் போய்ப் பாருங்க. பல இடத்துல போட்டி இல்லைன்னா விசிலும் இல்லை. ஆளாளுக்கு அவங்க இஷ்டம். ஒருத்தன் அம்பு எடுக்கப் போறான், ஒருத்தன் இழுக்குறான். குவிவர் நிறைய அம்பு வெச்சிருக்கவனுக்கு இன்னும் முடியலை, ஆறு அம்பு வெச்சிருக்கவன் முடிச்சுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டான். எல்லார்கிட்டயும் ஒரே எண்ணிக்கை இருக்கணும்னு நான் கத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2020 ஜனவரியில அசாம்ல பயிற்சியின்போது 12 வயசுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்துப் பக்கம் அம்பு பாஞ்சு, அது உள்ளே இருந்தபடியே டெல்லிக்கு விமானத்துல கொண்டுபோய் அறுவை சிகிச்சை பண்ணி எடுத்தாங்க. பிழைச்சுட்டா. செய்தித்தாள்ல படிச்சவங்களுக்கு நினைவிருக்கும். அவளைக் காப்பாத்துனதுல ஒரு பெரிய பங்கு, அந்த அம்பை யாரும் வழியில பிடுங்காதது.

இதை மட்டும் எல்லாரும் நினைவுல வெச்சுக்கங்க. உடம்புல எங்க அம்பு குத்தினாலும் இழுக்காதீங்க. உள்ளே கிழிஞ்ச ரத்தக்குழாயை அந்த அம்பே அடைச்சுக்கிட்டு இருக்கலாம். எடுத்தா திறந்துக்கும். அம்பு ஆடாம சுத்தித் துணியை உருட்டி வெச்சுக் கட்டுங்க, ரத்தம் வந்தா அம்பு மேல அழுத்தாம பக்கத்துல அழுத்துங்க, 108-க்குக் கூப்பிடுங்க. குடிக்க, சாப்பிட எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து தேவைப்படும். கண்ணுல பட்டுச்சுன்னா தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கசக்க விடாதீங்க, பஞ்சை வெச்சு அழுத்தாதீங்க. ஒரு காகித டீ கப்பைக் கண்ணு மேல படாம கவுத்து வெச்சு, கப்போட விளிம்பை நெத்தியிலயும் கன்னத்துலயும் டேப் போட்டு ஒட்டி, நேரா கண் அறுவை சிகிச்சை பண்ற ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்னு நேரம் கடத்தாதீங்க.

அந்தப் பையனுக்கு மூணு வாரம் வில்லைத் தொடாம பிசியோதெரபி. அதுக்கப்புறம் 18 பவுண்டு வில், நாலு மீட்டர், வைக்கோல் கட்டு, இடுப்புல பைப் குவிவர், அதுல ஆறு அம்பு. இப்ப மூணாவது வாரம் நடக்குது.